லூனார் க்ரானிகில்ஸ் படிக்கலாமா? சிண்ட்ரெல்லா சைபோர்க் ஆன கதை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த சீரிஸ் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விதான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன். கதையோட பெரிய முடிச்சுங்கள கடைசிப் பகுதிக்கு தள்ளிட்டேன், அது வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுவேன், அதுவரைக்கும் பயப்படாம படிக்கலாம்.

இது என்ன கதை?

நாலாவது உலகப்போர் முடிஞ்சு 126 வருஷம் ஆன பூமி. நியூ பெய்ஜிங்னு ஒரு நகரம், அங்க மார்க்கெட்ல ரிப்பேர் கடை வெச்சிருக்கா சிண்டர், 16 வயசு, ஊர்லயே நல்ல மெக்கானிக்னு பேர் வாங்கினவ. ஆனா அவ சைபோர்க், ஒரு கையும் ஒரு காலும் இரும்பு, மூளைக்குள்ள வயரிங், கணக்குப்படி 36.28 சதவீதம் மனுஷி இல்ல. சட்டப்படி அவளுக்கு சொந்தக்காரி அவளோட வளர்ப்பு சித்தி ஆட்ரி, கார்டியன்னு சொல்லிக்கறாங்க ஆனா நடைமுறைல ஓனர்தான், சிண்டர் சம்பாதிக்கற காசுல குடும்பம் ஓடுது ஆனா அந்தக் காசுல ஒரு ஸ்க்ரூ வாங்கக்கூட அவளுக்கு உரிமை கிடையாது. ஊர்ல லெட்டுமோசிஸ்னு ஒரு கொள்ளை நோய், மருந்து இல்ல. மேல நிலாவுல ஒரு தனி நாடு, அதுக்கு லெவானான்னு ஒரு ராணி, அவளுக்கு பூமி மேல கண்ணு. இதுக்கு நடுவுல ஒருநாள் இளவரசன் காய்டோ ரிப்பேரான ஆண்ட்ராய்ட் ஒண்ண தூக்கிட்டு சிண்டர் கடைக்கு வர்றான்.

யார் எழுதினது? மொத்தம் எத்தன புக்?

மரிஸ்ஸா மேயர், அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல டகோமாங்கற ஊர்க்காரங்க. மெயின் கதை நாலு புக், ‘சிண்டர்’ 2012, ‘ஸ்கார்லெட்’ 2013, ‘க்ரெஸ்’ 2014, ‘விண்டர்’ 2015. ஒவ்வொண்ணும் ஒரு தேவதைக் கதை, வரிசையா சிண்ட்ரெல்லா, சிவப்புத் தொப்பிக்காரி, ரபுன்ஸல், ஸ்னோ ஒயிட். இதுக்கு மேல ராணி லெவானாவோட பழைய கதை ‘ஃபேரஸ்ட்’ 2015 ஆரம்பத்துல வந்துச்சு, சிறுகதைத் தொகுப்பு ‘ஸ்டார்ஸ் அபவ்’ 2016, அப்புறம் ‘வயர்ஸ் அண்ட் நெர்வ்’னு ரெண்டு பாகம் காமிக்ஸ், அதுல ஐகோங்கற ஆண்ட்ராய்ட் பொண்ணுதான் ஹீரோயின்.

தனித்தனியா எடுத்துப் படிக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு புக்லயும் புது பொண்ணு வந்தாலும் சிண்டர் கதை நாலுலயும் ஓடிட்டே இருக்கும், புது ஆளுங்க வந்து அவ கூட சேந்துக்குவாங்க, நடுவுல ஆரம்பிச்சா யார் யாருன்னே புரியாது.

‘ஃபேரஸ்ட்’ எப்ப படிக்கணும்?

இதுக்குத்தான் எல்லாரும் சண்டை போடுவாங்க. கால வரிசைப்படி அது எல்லாத்துக்கும் முன்னாடி நடக்குது, அதனால அதுலயே ஆரம்பிச்சிடலாம்னு சிலர் சொல்றாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, முதல் புக்கோட ரகசியம் மொத்தமும் அங்க உடைஞ்சு போயிடும். ‘க்ரெஸ்’ முடிச்சு ‘விண்டர்’க்கு முன்னாடி படிங்க, அது வெளிவந்த வரிசையும் அதுதான். மூணு புக் முழுக்க லெவானாவ வெறுத்துட்டு வந்து அதுக்கப்புறம் அவ சின்ன வயசுல என்ன பட்டான்னு படிக்கறப்ப, அவ செஞ்ச எதையும் மன்னிக்க மனசு வராது, ஆனா அவ முகத்த ஏன் மறைக்கறாங்கறது மட்டும் தொண்டைல முள்ளு மாதிரி நிக்கும். அந்த நிலைமைல ‘விண்டர்’ஐ திறக்கணும்.

சிண்ட்ரெல்லா கதை எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்ச கதைய எதுக்கு மறுபடி படிக்கணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையே எழுத உக்காந்தேன், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

நமக்கு தெரிஞ்ச சிண்ட்ரெல்லா, கண்ணாடி செருப்பும் பூசணிக்கா வண்டியும் இருக்கறது, 1697ல சார்ல்ஸ் பெரோங்கற ஃப்ரெஞ்சுக்காரர் எழுதினது. ஜெர்மனில க்ரிம் சகோதரர்கள் 1812ல போட்ட தொகுப்புல கதை வேற மாதிரி இருக்கும், அதுல செருப்பு பத்தலன்னு ஒரு அக்கா கட்டைவிரல வெட்டிக்குவா, இன்னொருத்தி குதிகால வெட்டிக்குவா, செருப்புல ரத்தம் வழியும். சின்னப் பசங்களுக்கு சொல்றப்ப நாம இத விட்டுடறோம். ஆனா அந்தக் கதையோட நடு வலியே அங்கதான் இருக்கு, ஒரு அளவுக்குள்ள அடங்கணும்னா உடம்ப வெட்டிக்கோன்னு அம்மாவே கத்தி எடுத்துக் குடுக்கறா.

மேயர் அந்த வெட்டுப்பட்ட கால எடுத்து சிண்ட்ரெல்லாவுக்கே குடுத்துட்டாங்க. புக்கோட முதல் காட்சியே கால்தான். அவளோட இரும்புக் கால் பதினோரு வயசுல மாட்டினது, இப்ப பதினாறு, பத்தல, ஸ்க்ரூ துருப்பிடிச்சுப் போச்சு, அத கழட்டி வெச்சுட்டு புதுக் கால் எடுத்துட்டு ஐகோ வருவான்னு கடைல உக்காந்திருக்கா, அந்த நேரம் பாத்து இளவரசன் வந்து நிக்கறான். அவளால எழுந்திருச்சு வணக்கம் சொல்ல முடியல, கால் இல்லன்னு அவனுக்கு தெரியவும் கூடாது. செருப்பு தொலைஞ்சு போறதுல முடியற கதை இங்க கால் இல்லாததுல ஆரம்பிக்குது. அப்புறம் புதுக் கால சித்தி புடுங்கிக்கறா, பழைய சின்னக் கால மாட்டிட்டுதான் விருந்துக்கு போறா, அரண்மனைப் படிக்கட்டுல ஓடி வர்றப்ப அந்தக் கால் வயரோட பிஞ்சு விழுது.

அண்ணன் பொண்ணு எட்டாவது படிக்கறா, அவகிட்ட இந்தக் கதைய சொன்னப்ப அவ கேட்ட ஒரே கேள்வி, ‘அத்தை, செருப்புன்னா வேற வாங்கிக்கலாம், கால் விழுந்தா எப்படி நடப்பா?’ அவ்ளோதான், மொத்த புக்கும் அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு. பழைய கதைல செருப்பு அவ யாருன்னு காட்டிக் குடுத்து அவள காப்பாத்துது, இங்க கால் அவ யாருன்னு காட்டிக் குடுத்து ஊர் முன்னாடி நிறுத்துது. அந்தக் கால காய்டோ எடுத்து பத்திரமா வெச்சுக்கறான், ஆனா வீடு வீடா போய் யாருக்கும் மாட்டிப் பாக்க மாட்டான், ஏன்னா அது யாரோடதுன்னு அவனுக்கு நல்லாவே தெரியும், என்ன பண்றதுன்னுதான் தெரியல.

கதை ஏன் சீனாவுல நடக்குது?

காரணம் இருக்கு, மேயரே சொல்லியிருக்காங்க. எழுத்துல கிடைக்கற பழைய சிண்ட்ரெல்லா கதைகள்ல ஒண்ணு சீனாவோடது. 9ஆம் நூற்றாண்டுல, தாங் வம்ச காலத்துல, துவான் செங்ஷிங்கறவர் தொகுத்த நூல்ல யே ஷியென்னு ஒரு பொண்ணு கதை வருது. சித்தி கொடுமை, அவ வளத்த மீன சித்தி கொன்னு சாப்ட்டுடறா, அந்த மீனோட எலும்புகிட்ட வேண்டிக்கிட்டா கேட்டது கிடைக்குது, திருவிழாவுக்கு தங்கச் செருப்பு போட்டுட்டு போறா, ஒண்ணு தொலைஞ்சு போகுது, அது கடைசில ஒரு ராஜா கைக்கு வருது. பெரோவுக்கு 800 வருஷம் முன்னாடி.

பூசணிக்கா வண்டிக்கு பதில் என்னன்னு கேப்பீங்க, குப்பைல கிடந்த ஒரு பழைய பெட்ரோல் கார், ஆரஞ்சு கலர். மந்திரக்கோல் போட யாரும் வர மாட்டாங்க, அவளே ஸ்பேனர் எடுத்து சரி பண்றா. எனக்கு ரொம்பப் பிடிச்ச மாத்தம் அது.

ஆனா அது நெஜமான சீனா மாதிரி இருக்கா?

இல்ல, இது இந்த சீரிஸோட பெரிய குறைன்னு நான் நெனைக்கறேன். நியூ பெய்ஜிங்னு பேர் இருக்கே தவிர அந்த ஊரோட வாசனை, சாப்பாடு, பேச்சு, தெரு எல்லாம் மேலோட்டமா தொட்டுட்டு போறாங்க. இளவரசன் பேரு காய்டோ ஜப்பான் பேரு, மரியாதைச் சொல் சீனாவோடது, கிமோனோவும் வருது, எல்லா ஆசிய நாடும் சேந்து ஒரே காமன்வெல்த் ஆயிடுச்சுன்னு கதைல ஒரு காரணம் இருக்கு, ஆனாலும் கலந்து வெச்சது கலந்து வெச்ச மாதிரியேதான் தெரியுது. யே ஷியென் கதைய தேடிக் கண்டுபிடிச்சவங்க இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு ஒவ்வொரு தடவ படிக்கறப்பவும் தோணும். ரெண்டாவது புக் ஃப்ரான்ஸ்ல ரியூங்கற சின்ன ஊர் பண்ணைல நடக்குது, அங்க மண்ணு, தக்காளி, வண்டி எல்லாமே கண்ணுக்கு தெரியுது, அதனாலயே முதல் புக்ல இல்லாதது இன்னும் உறுத்துது.

இந்த ஐடியா எங்கேர்ந்து வந்துச்சு?

மேயர் பல வருஷம் ‘செய்லர் மூன்’ ரசிகக் கதைகள் எழுதினவங்க, அலிசியா ப்ளேட்ங்கற பேர்ல. ஜப்பான்ல நவோகோ டாகெயுச்சி 1991ல ஆரம்பிச்ச அந்த மாங்கா காமிக்ஸ்ல சாதாரண பூமிப் பொண்ணு ஒருத்திக்குள்ள நிலா இளவரசி இருப்பா, நிலா ராஜ்ஜியம் அழிஞ்சு போயிருக்கும், லூனான்னு பேசற பூனை இருக்கும். லூனார் க்ரானிகில்ஸ் படிச்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம். ஒரு ரசிகக் கதைப் போட்டிக்காக எதிர்காலத்துல நடக்கற மாதிரி ‘பூட்ஸ் போட்ட பூனை’ கதைய எழுதிப் பாத்திருக்காங்க, அந்த ருசிலதான் ஒரு வரிசையே எழுதலாம்னு தோணியிருக்கு, அப்புறம் ஒருநாள் தூங்கப் போற நேரத்துல சிண்ட்ரெல்லா சைபோர்க்கா இருந்தா என்னன்னு சட்டுனு வந்துச்சாம்.

2008 நவம்பர்ல, அந்த மாசம் முழுக்க நாவல் எழுதற சவால் ஒண்ணு அமெரிக்காவுல அப்பல்லாம் நடந்துட்டு இருந்துச்சு, நானோரைமோன்னு சொல்லுவாங்க, அதுல முதல் மூணு புக்கோட முதல் வரைவையும் அந்த ஒரே மாசத்துல எழுதிட்டாங்க. மொத்தமா ஒண்ணரை லட்சம் வார்த்தை. அப்புறம் வருஷக்கணக்கா திருத்தினாங்கங்கறதையும் சேத்து சொல்லணும். நாலு புக்கும் ஒண்ணோட ஒண்ணு இவ்ளோ இறுக்கமா கோத்திருக்கறதுக்கு இந்த முறைதான் காரணம்னு எனக்கு தோணுது, முதல் புக்ல ரெண்டு பக்கம் மட்டும் வந்துட்டுப் போற ஒரு பொண்ணு மூணாவது புக்கோட ஹீரோயின்.

நிலா மனுஷங்க மந்திரம் பண்றாங்களே, அப்புறம் எப்படி இது சயின்ஸ் ஃபிக்ஷன்?

நல்ல கேள்வி. லூனார் ஆளுங்களுக்கு ஒரு சக்தி இருக்கு, எதிர்ல இருக்கறவங்களோட உடம்புல ஓடற மின்சாரத்த உணர்ந்து அத மாத்தி, இல்லாதத பாக்க வைப்பாங்க, நினைக்காதத செய்ய வைப்பாங்க. நம்ம உடம்புல நரம்பும் இதயமும் மின் சிக்னல்லதான் வேலை செய்யுது, அது உண்மை, ஈசிஜி எடுக்கறதே அதுக்குத்தான். சுறா மீனுக்கு மூக்குப் பக்கம் சின்னச் சின்ன துளை இருக்கு, மணலுக்குள்ள ஒளிஞ்ச மீனோட மின் அசைவ வெச்சே பிடிச்சிடும். அங்கேர்ந்து அடுத்தவன் மூளைய மாத்தற அளவுக்கு தாண்டறது கற்பனைதான், சந்தேகமே இல்ல. ஆனா தாண்டின பிறகு ஆசிரியர் அந்த விதிய மீறவே மாட்டாங்க, அதுதான் எனக்கு முக்கியம்.

உதாரணத்துக்கு கண்ணாடி. ஸ்னோ ஒயிட் கதைல சித்திகிட்ட உண்மை சொல்ற மந்திரக் கண்ணாடி இருக்கும். இங்க லெவானா அரண்மனைல கண்ணாடியே கிடையாது. ஏன்னா அவ அழகு அடுத்தவங்க மூளைல போடற படம், மூளைய ஏமாத்தலாம், கண்ணாடிக்கு மூளை இல்லையே, அது உள்ளத உள்ளபடி காட்டும். வீடியோலயும் அந்த வித்தை பலிக்காது, அதனால ஸ்க்ரீன்ல வர்றப்பல்லாம் முகத்திரை போட்டுட்டுதான் வருவா. மந்திரமே இல்லாம வெறும் கண்ணாடி உண்மை சொல்லிடுச்சு பாருங்க.

சைபோர்க்ங்கற வார்த்தை கதைக்காக உண்டாக்கினது இல்ல, 1960ல மான்ஃப்ரெட் க்ளைன்ஸ், நேதன் க்ளைன்னு ரெண்டு விஞ்ஞானிகள் விண்வெளில மனுஷன் தாக்குப் பிடிக்கணும்னா உடம்ப எப்படி மாத்தலாம்னு யோசிச்சப்ப போட்ட பேரு. நெஜ விஞ்ஞானம் தோத்துப் போற இடமும் இருக்கு, மூணாவது புக்ல ஒரு சாட்டிலைட் வானத்துலேர்ந்து பாலைவனத்துல விழுந்து உள்ள இருந்த ரெண்டு பேரும் பொழைக்கறதெல்லாம் எனக்கு ஒத்துக்க முடியல, ஆனா அதுக்கப்புறம் வர்ற அத்தியாயங்களுக்காக அத விட்டுடறேன்.

மத்த மூணு தேவதைக் கதையும் எப்படி மாறியிருக்கு?

ஸ்கார்லெட்ல சிவப்புத் தொப்பி சிவப்பு ஹூடி ஆயிடுச்சு, பாட்டிய காணோம், பாட்டி பழைய விண்கல பைலட், ஓநாய்ங்கறது தெருச் சண்டை போடற ஒருத்தன், பேரே வுல்ஃப். லெவானா சின்னப் பையன்கள புடிச்சு ஓநாய் மரபணு கலந்து சிப்பாய் ஆக்கறா. அவனோட நெஜப் பேரு ஸேயெவ், ஹீப்ரூல அதுக்கும் ஓநாய்னுதான் அர்த்தம். லெவானாங்கற பேருக்கு அதே மொழில நிலான்னு அர்த்தம்.

க்ரெஸ்தான் எனக்கு உசிரு. ரபுன்ஸலோட கோபுரம் இங்க பூமியச் சுத்தற ஒரு சாட்டிலைட். ஏழு வருஷம் தனியா, வெட்ட ஆள் இல்லாம முடி வளந்து கிடக்கு, வேலை பூமிய வேவு பாக்கறது, அதனால பெரிய ஹேக்கர் ஆயிட்டா, பேச ஆள் இல்லாம தனக்குத்தானே ஒரு சின்னப் பொண்ணு உருவத்த ப்ரோக்ராம் பண்ணி வெச்சு பேசிட்டு இருக்கா. அந்தத் தனிமைய எழுதியிருக்கற விதம் இருக்கே, அவளுக்கு வானம் முழுக்க தெரியுது, பூமில எல்லார் வீட்டு ஸ்க்ரீனும் தெரியுது, ஒரு மனுஷன் தொட்டு வருஷக்கணக்கா ஆச்சு.

க்ரிம் கதைல ரபுன்ஸலோட இளவரசன் கோபுரத்துலேர்ந்து விழுந்து முள்ளு குத்தி குருடாகி, அவ இருக்கற பாழ்நிலத்துக்கு தடவித் தடவிப் போய்ச் சேருவான், அவளோட கண்ணீர் பட்டு பார்வை வரும். இங்க ஹீரோ பேரே தோர்ன், முள்ளு. சாட்டிலைட் விழுந்ததுல அவனுக்கு பார்வை போயிடுது, சஹாரால ரெண்டு பேரும் நடக்கறாங்க, பழைய கதைல தனித்தனியா அலைஞ்சவங்க இங்க கையப் புடிச்சுட்டு நடக்கறாங்க. அவனோட கப்பல் பேரு ரேம்பியன், அது ரபுன்ஸல்ங்கற கீரைக்கு இங்கிலீஷ் பேரு, கர்ப்பமா இருந்த அம்மா ஆசைப்பட்டுத் திருடச் சொன்ன அதே கீரை. இத நான் மூணாவது தடவ படிக்கறப்பதான் கவனிச்சேன், புக்க மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் சந்தோஷமா உக்காந்திருந்தேன்.

விண்டர், லெவானாவோட வளர்ப்புப் பொண்ணு. அழகுல ராணிக்கு மேல, முகத்துல மூணு தழும்பு இருந்தும். சின்ன வயசுல தன் சக்திய உபயோகிச்சு ஒருத்தருக்கு நல்லது பண்ணப் போய் அது தப்பா முடிஞ்சதால, இனிமே அத தொட மாட்டேன்னு சபதம் எடுத்துட்டா. உபயோகிக்காத சக்தி அவ மூளையத் தின்னுது, சுவத்துல ரத்தம் வழியற மாதிரி தெரியும், உடம்பு பனிக்கட்டியா உறையற மாதிரி தோணும். ஊர் அவள பைத்தியம்னு சொல்லுது, ஆனா அடுத்தவன் மனச தொட மாட்டேன்னு சொன்னதுக்கு அவ குடுக்கற விலை அது, அந்த நாட்டுல வேற யாருக்கும் அந்த யோசனையே வரல.

எந்த வயசுப் பசங்க படிக்கலாம்?

நாலு மெயின் புக்கும் 13 வயசுக்கு மேல தாராளமா. காதல் முத்தத்தோட நிக்குது. சாவு நிறைய இருக்கு, முக்கியமா நோய் வார்டு காட்சிகள் மனச கலைக்கும், வீட்ல சமீபத்துல யாரையாவது இழந்த குழந்தையா இருந்தா கூட உக்காந்து படிங்க. ‘ஃபேரஸ்ட்’ மட்டும் 16க்கு மேலன்னு சொல்லுவேன், ஒருத்தன் மனச கட்டாயப்படுத்தி காதலிக்க வைக்கறது, அதுக்குப் பேரு கல்யாணம்னு வெக்கறது, இத புரிஞ்சுக்க கொஞ்சம் வயசு வேணும். இங்கிலீஷ் எளிமையாதான் இருக்கும், ஆனா ‘விண்டர்’ 800 பக்கத்துக்கு மேல, பாத்து பயந்துடாதீங்க.

படமா வருதா?

லாக்ஸ்மித் அனிமேஷன்ங்கற கம்பெனி அனிமேஷன் படமா எடுக்கப் போறதா 2024ல அறிவிச்சாங்க. படிக்கறதா இருந்தா அதுக்கு முன்னாடி படிச்சிடுங்க, காய்டோவும் ஐகோவும் உங்க மனசுல எப்படி இருக்காங்கன்னு முதல்ல நீங்க முடிவு பண்ணிக்கணும்.

இதுக்குக் கீழ கதை முடிச்சுங்க வருது, படிக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

சிண்டர்தான் தொலைஞ்ச இளவரசின்னு முதல்லயே கண்டுபிடிச்சிட்டேன், அது பலவீனம் இல்லியா?

மூணு வயசுல தீல செத்துப் போனதா சொல்ற நிலா இளவரசி செலீன் உயிரோட இருக்கலாம்னு ஒரு வதந்தி, இன்னொரு பக்கம் சின்ன வயசு ஞாபகமே இல்லாத, தீக்காயம் பட்டு சைபோர்க் ஆன ஒரு பொண்ணு. நூறு பக்கத்துக்குள்ள எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. நானும் முதல் தடவ சலிச்சுக்கிட்டேன். மறுபடி படிச்சப்பதான், இது நம்மள ஏமாத்த வெச்ச முடிச்சே இல்லன்னு தோணுச்சு. நமக்கு தெரியும், அவளுக்கு தெரியாது, அவ இளவரசின்னு தெரிஞ்சுட்டே அவ சித்தி முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கறத நாம பாக்கணும். ஊர் ஊரா கூத்துல அரிச்சந்திரன் சுடுகாடு காக்கறத விடிய விடிய பாக்கறவங்களுக்கு அவன் ராஜான்னு தெரியாதா என்ன, தெரிஞ்சுதான் அழறாங்க.

பியோனி ஏன் சாகணும்?

ஆட்ரியோட ரெண்டு பொண்ணுங்கள்ல சின்னவ பியோனிக்கு சிண்டர் மேல உண்மையான பாசம், பழைய கதைல இல்லாத ஒண்ணு. அவளுக்கு நோய் வருது, கோவத்துல ஆட்ரி சிண்டர மருந்து சோதனைக்கு ஒப்படைச்சிடறா, சைபோர்க்தானே போனா போகட்டும்னு. கடைசில மருந்து கைல கிடைச்சு சிண்டர் ஓடிப் போறா, லேட் ஆயிடுது. அந்த மருந்த பக்கத்துல கிடந்த ஒரு சின்னப் பையனுக்கு குடுத்துடறா, மார்க்கெட்ல அவள கிட்டயே சேக்காத பேக்கரிக்காரம்மாவோட பையன் அவன். அவளுக்கு கண்ணீர் சுரப்பி இல்ல, அழ முடியாது. அழுகைய எழுதாமலே அந்த அத்தியாயத்த எழுதியிருக்காங்க, எனக்கு அத படிச்சா இன்னிக்கும் நெஞ்சு அடைக்குது.

விஷ ஆப்பிளும் மந்திரக் கண்ணாடியும் கடைசில வருதா?

ரெண்டும் வருது. ஆப்பிள் ருசில ஒரு மிட்டாய், உள்ள லெட்டுமோசிஸ் கிருமி, வேஷம் மாத்திட்டு லெவானாவே கொண்டு வந்து குடுக்கறா. விண்டர உயிரோட உறைய வெக்கற ஒரு கண்ணாடித் தொட்டிதான் கண்ணாடிப் பெட்டி.

மந்திரக் கண்ணாடி எதுன்னு நெனைக்கறீங்க? சிண்டரோட கண்ணு. அவ கண்ணுக்குள்ள மாட்டின மெஷின் பாக்கறத பதிவு பண்ணும், மெஷின லெவானாவால ஏமாத்த முடியாது. சின்ன வயசுல அக்கா சானரி தன் சக்திய வெச்சு தீல இறங்க வெச்சதுல வெந்து போன லெவானாவோட நெஜ முகம் அப்படியே பதிவாகி, க்ரெஸ் அத எல்லா ஸ்க்ரீன்லயும் ஓட விடறா. எந்த பாகத்த வெச்சு ஊர் சிண்டர மனுஷியே இல்லன்னு சொல்லுச்சோ அந்த பாகம்தான் ராணிக்கு கண்ணாடி புடிக்குது. ஆனா இதுல எனக்கு ஒரு நெருடலும் இருக்கு, தீக்காயம் பட்ட ஒருத்தியோட முகத்த ஊருக்கே போட்டுக் காட்டித்தான் ஜெயிக்கணுமா? சிண்டரும் தீல வெந்தவதான், அவளுக்கு அந்த வலி தெரியும். ‘ஃபேரஸ்ட்’ படிச்சவங்களால அந்தக் காட்சிய கை தட்டிப் பாக்க முடியாது, நான் அந்த வரிசைய வற்புறுத்தினது இதுக்காகவும்தான்.

கடைசில சிண்டரும் காய்டோவும் கல்யாணம் பண்ணிக்கறாங்களா?

நாலாவது புக் முடியறப்ப இல்ல. அவ நிலாவுக்கு ராணியா முடிசூடறா, அவன் பூமில தன் நாட்ட பாக்கணும், ரெண்டு பேரும் காதலிக்கறாங்க, அதோட நிக்குது. அவ அவன்கிட்ட சொல்ற முக்கியமான விஷயம் வேற, நிலாவுல ராஜா ராணிங்கற முறையையே எடுத்துட்டு ஜனங்களே ஆள்ற மாதிரி மாத்தப் போறேன்னு சொல்றா. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க ‘ஸ்டார்ஸ் அபவ்’ல கடைசிக் கதைய படிங்க, ஒரு கல்யாணம் நடக்குது, யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேன்.